இடத்தை, வலத்தை

1

சென்ற மார்கழியில், காரைக்குடியில், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் ஒரு பெரிய மனிதரைத் தலைகுனிய வைத்தேன். அவர் எனக்குப் பாடம் சொன்னவர். இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு ஓடுவதாக ஒக்கூரிலிருந்து என் தங்கை சொல்கிறாள். படிக்க வைத்தவரையே கொத்திவிட்டாள் என்பது ஒன்று. ஜெர்மனிக்குப் போனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை என்பதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். வருத்தப்பட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் இருப்பது ஹாலே. கிழக்கு ஜெர்மனியில், ஓர் ஆற்றங்கரையில் இருக்கும் நடுத்தர நகரம். கணவருக்கு வாரநாட்களில் வேறு ஊரில் வேலை. வீட்டில் நானும் மகள் யாழினியும்தான். சனிக்கிழமை காலையில் காலி பாட்டில்களைப் பையில் அள்ளிக்கொண்டு கடைக்குப் போவோம். அங்கே சுவரில் ஓர் இயந்திரம் இருக்கிறது. அதன் வாயில் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் காசுச் சீட்டு ஒன்றைத் துப்பும். அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது. ஊர் எண்.

பேசியவள் பெயர் பவித்ரா. நாச்சியாபுரத்துப் பெண். நான் படித்த அதே கல்லூரியில், அதே பேராசிரியரிடம் ஆய்வு மாணவி. என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சாரோட பழைய கட்டுரையில கடைசி வரியில ஒங்க பேரு இருந்துச்சு மேடம். தட்டச்சு உதவிக்கு நன்றின்னு போட்டுருக்காக. அப்ப நீங்க அந்தச் சமயத்துல அங்க இருந்திருக்கீகன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். யாழினி என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி இயந்திரத்துக்குக் கொடுத்தாள். தட்டச்சு உதவி. அந்தக் கட்டுரையை நான் அதுவரை திறந்து பார்த்ததே இல்லை. அதன் தலைப்பு கண்ணில் பட்டாலே பக்கத்தை மாற்றிவிடுவேன்.

பவித்ராவின் சிக்கல் இதுதான். அவள் ஆய்வகத்தில் கண்ணாடித்தாள்போல மெல்லிய ஒரு படலம் செய்கிறாள். சாருடைய கணிப்பின்படி அது இடப்பக்கம் திருக வேண்டும். அவள் எத்தனை முறை செய்தாலும் வலப்பக்கம் திருகுகிறது.

"நான் பாட்டில மாத்தி ஊத்திப்புட்டேன்னு சார் சொல்றாக. கணக்குல எதுவும் தப்பு இருக்குமான்னு ஒரு தடவ கேட்டுட்டேன் மேடம். அதுலருந்து அவுக எங்கூடப் பேசுறதில்ல. ஆய்வேடு அப்படியே கெடக்கு."

2

இந்தத் திருகு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதற்காக ஒரு மனிதரின் மாலையைச் சரியவைத்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

உங்கள் கைப்பேசித் திரைகள் பலவற்றுக்குள்ளே திரவப் படிகம் என்றொரு பொருள் இருக்கிறது. தண்ணீர் போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் குச்சி குச்சியாக, ஒரே திசை பார்த்து நிற்கும். அதில் வேறொரு வகை மூலக்கூறைக் கொஞ்சம் கலந்தால் குச்சிகள் மெல்லத் திரும்பத் தொடங்கும். ஓர் அடுக்குக்கு அடுத்த அடுக்கு சற்றே திரும்பி, அதற்கடுத்தது இன்னும் சற்றே திரும்பி, மொத்தமும் ஒரு திருகுபோல ஆகிவிடும். கலக்கும் மூலக்கூறுக்கு இடம் வலம் உண்டு. சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பது போலத்தான். இரண்டும் அச்சில் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. நம் புதினாவின் மணமும், இங்கே ரொட்டியில் போடுகிற சீமைச் சோம்பின் மணமும் ஒரே மூலக்கூறின் இடமும் வலமும்தான். மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரியும். கணினிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தருவது எளிதல்ல. கணினிக்குள் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் மூலக்கூறுகளை அடைத்து, அதே பெட்டி எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்வார்கள். திருகுக்கு அது ஒத்துவராது. பெட்டியின் உயரத்துக்குள் அடங்கும் திருகை மட்டுமே அது விடும். மற்றதை நசுக்கிவிடும். பெட்டியின் மேல்முகத்தைக் கொஞ்சம் திருப்பி அடிமுகத்தோடு சேர்க்கும் ஒரு வழியை, சாரிடம் ஆய்வு மாணவியாக இருந்தபோது, நான் கணினி நிரலாக எழுதினேன். திருகு தானாகத் தன் அளவைத் தேடிக்கொண்டது. திரையில் முதல்முறை அது சுழன்று நின்றபோது விடுதிச் சாப்பாட்டு மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

அந்த நிரலில் இரண்டு திசைகளுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் இடத்தை, வலத்தை என்று வைத்தேன். ஏரில் இடப்பக்கம் பூட்டும் மாடு இடத்தை மாடு, வலப்பக்கம் பூட்டுவது வலத்தை மாடு. எங்கள் வீட்டில் தினம் புழங்கும் சொற்கள்.

ஓரிடத்தில் அவை இரண்டையும் மாற்றி எழுதியிருந்தேன். திருகின் இறுக்கம் சரியாக வரும், பக்கம் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறி வரும். தெரிந்த பொருள் ஒன்றைப் போட்டுச் சோதித்தபோது அதைக் கண்டுபிடித்து, தோழியின் மடிக்கணினியில் திருத்திவைத்தேன். திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போனால் கணினி கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மாற்றியிருந்தார்கள்.

பேராசிரியரின் பெயர் தில்லைநாயகம். அவருடைய அக்கா மகன் கதிரேசன் எங்கள் துறையிலேயே ஆய்வாளன். சில மாதங்களில் என் நிரலும் என் படங்களும் அவர்கள் இருவர் பெயரிலும் வெளிவந்தன. தோழி படித்துவிட்டுச் சொல்ல, போய்க் கேட்டேன். அவர் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பி, கோபப்படாமல் சொன்னார்.

"நீ கல்யாணம் முடிஞ்சு போற பிள்ள. அவன் இதுலயே இருக்கப் போறவன். பேரு யாருக்கும்மா உதவும்?"

3

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யாவுக்கு என் படிப்பு விளங்காது. நான் அழுதது விளங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் ஒக்கூரிலிருந்து பேருந்து ஏறி, ஒரு பை நிலக்கடலையோடு காரைக்குடியில் சாருடைய வீட்டுக்குப் போய்விட்டார். வாசலுக்கு வந்த அம்மாள், கொல்லையில் முள் வெட்ட வரச்சொல்லியிருந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, அங்குட்டுப் போய்ப் பின்பக்கமா வா என்றிருக்கிறார். அய்யா மறுத்துச் சொல்லவில்லை. பின்பக்கம் போய், அங்கே கிடந்த அரிவாளை எடுத்து, கருவேலமுள்ளை வெட்டி ஒதுக்கியிருக்கிறார். நடுவில் சார் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். விடுதி விழாவில் ஒருமுறை அய்யாவோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். பார்த்தார், உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை.

அய்யா அங்கிருந்து என் விடுதிக்கு வந்தார். முழங்கை வரை முள் கிழித்த கோடுகள். யாரய்யா இப்படிச் செய்யச் சொன்னது என்று கத்தினேன்.

"அவுக உள்ள வேலையா இருந்தாக. சும்மா நிக்கிறதுக்கு நாலு முள்ள வெட்டிப்போட்டேன். அதப் பாத்தாவது மனசு எறங்குவாகள்ல?"

என் பெயரைத் திருடியதை ஒருவேளை காலம் ஆற்றியிருக்கும். அந்தச் சன்னலை ஆற்றவில்லை. நான் அங்கே படிப்பைப் பாதியில் விட்டேன், எங்கெங்கோ எழுதிப் போட்டேன், ஹாலேயில் இடம் கிடைத்தது. முதலிலிருந்து தொடங்கி முனைவரானேன். அய்யா அதைக் கேட்டுவிட்டுத்தான் இறந்தார். ஆனால் சார் வீட்டு வாசலுக்குத் தான் போனதைப் பற்றி அதன்பிறகு அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை.

4

பாட்டில் சனிக்கிழமைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டுரையை முதன்முதலாகத் திறந்தேன். இப்போதெல்லாம் நிரலையும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது விதி என்பதால் அவர்கள் வைத்திருந்தார்கள். இறக்கிப் பார்த்தேன். இடத்தையும் வலத்தையும் அப்படியே இருந்தன. நான் மாற்றிப் பூட்டிய வரியும் அப்படியே இருந்தது. பாடம் நடத்தி, விருது வாங்கி, மேலும் மேலும் கட்டுரை எழுதி, இத்தனை ஆண்டும் அந்த வரியை ஒருவரும் தொடவில்லை. எல்லாரும் இறுக்கத்தை மட்டுமே ஒப்பிட்டிருக்கிறார்கள். பக்கம் மாறி வந்த இரண்டொரு சமயத்தில் வேதிப்பொருள் விற்றவன் பாட்டிலில் பெயர் மாற்றி ஒட்டிவிட்டான் என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தார்கள்.

நான் சிரித்தேன். யாழினி அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் புரியும், பதில் ஜெர்மனில்தான் வரும். புகார் கொடு, அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கும் என்றாள். தாத்தா முள் வெட்டியதைச் சொன்னபோது, வேண்டாம் என்று ஏன் அவர் சொல்லவில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில்கள் எல்லாம் தமிழில் இருந்தன.

புகாரும் கொடுத்துப் பார்த்தேன். என்னுடன் வேலை செய்யும் கிறிஸ்டீனா படிவங்களை நிரப்ப உதவினாள். அச்சிட்டு, கையெழுத்திட்டு, வருடி, ஏற்றி, மறுபடி தபாலிலும் அனுப்ப வேண்டியிருந்தது. காலம் கடந்த புகார் என்பதால் ஆசிரியர் உரிமை பற்றி விசாரிக்க இயலாது, அறிவியல் பிழை இருந்தால் தனியாக எழுதலாம் என்று பதில் வந்தது. மரியாதையான பதில்.

அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டரிடம் போனேன். தொண்டையின் உட்பகுதிக்கு ஜெர்மனில் ராஹென் என்று பெயர். ராஹே என்றால் பழிவாங்குதல். கரகரத்த குரலில் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டேன். எனக்குப் பழி வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் முகம் மாறாமல், நீண்ட நாளாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கதிரேசனுக்கு எழுதினேன். சார் ஓய்வு பெறப் போவதாகக் கேள்விப்பட்டேன், வாழ்த்துகள் என்று இரண்டு வரி. உடனே பதில் வந்தது. பணிநிறைவு விழாவோடு கருத்தரங்கமும் நடத்துகிறார்களாம். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவி வந்து பேசினால் சாருக்குப் பெருமையாக இருக்குமாம். நான் மறந்துவிட்டேன் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அல்லது அவர்களே மறந்துவிட்டார்கள். எது மோசம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பவித்ராவை அழைத்து, விழாவுக்கு உன் படலத்தை எடுத்து வா என்றேன். எதற்கு அக்கா என்று கேட்டாள். அதற்குள் மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன். ஒரு கேள்வி கேட்கப் போகிறேன், அவ்வளவுதான் என்றேன்.

5

மண்டபத்தில் துறைக்காரர்கள் பாதி, ஊர்க்காரர்கள் பாதி. மாணவர்களின் பெற்றோர் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு பலமாக இருக்கும் என்று பேச்சு. சார் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். முடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்து, "நம்ம ராக்கு, நம்ம பிள்ள" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் கை சூடாக இருந்தது. என் கை எனக்கே குளிர்ந்து தெரிந்தது.

என் முறை வந்தபோது, படம் போட்டுப் பேசப் போவதில்லை, ஒரு விளையாட்டுக் காட்டப் போகிறேன் என்றேன். கைப்பையிலிருந்து சினிமாக் கொட்டகையில் கொடுக்கும் முப்பரிமாணக் கண்ணாடிகளை எடுத்தேன். யாழினி சேர்த்துவைத்திருந்தவை. அந்தக் கண்ணாடி ஒரு கண்ணுக்கு இடப்பக்கம் சுழலும் ஒளியை மட்டும் விடும், மறுகண்ணுக்கு வலப்பக்கம் சுழலும் ஒளியை மட்டும். அடுத்து ஒரு தீப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே எங்கள் பால்கனியில் செத்துக் கிடந்த ரோஜா வண்டு. பச்சைத் தங்கம்போல மின்னும். அதன் ஓட்டுக்குள்ளேயும் இதே திருகு இருக்கிறது. அது இடப்பக்க ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும். இது துறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

முதலில் சார் பார்க்கட்டும் என்றேன். அவர் மகிழ்ச்சியாக எழுந்து வந்து, மாலையோடு அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் கைதட்டல். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். வண்டு ஒரு கண்ணுக்குப் பச்சையாகவும், மறுகண்ணுக்குக் கரியாகவும் தெரிந்தது. அப்படியே ஒலிவாங்கியில் சொன்னார். பிறகு பவித்ராவின் படலத்தைக் கறுப்புத் தாளின்மேல் வைத்தேன்.

"இது எந்தக் கண்ணுல தெரியுது சார்?"

அவர் ஒரு கண்ணை மூடினார். மறுகண்ணை மூடினார். மறுபடியும் முதல் கண்.

"மத்தக் கண்ணுல," என்றார்.

"அப்ப இது வண்டுக்கு எதிர்ப்பக்கம். வலப்பக்கம். ஒங்க கணக்கு இடப்பக்கம்னு சொல்லுதே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெண்ணுக்குக் கவனம் போதாது, பாட்டிலை மாற்றிவிட்டாள் என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். மூன்றாவது வரிசையில் பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு எனக்குள் இரக்கம் என்று எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் பொதுவில் வைத்திருந்த நிரலைத் திரையில் போட்டேன். முன்வரிசையிலிருந்த கதிரேசனிடம், இந்த இரண்டு பெயருக்கும் என்ன பொருள் என்று கேட்டேன். அவன் எழுந்து, ஏதோ சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று விளக்கத் தொடங்கினான். நிரலோடு வைத்திருந்த விளக்கக் குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அவன் முடிப்பதற்குள், யாரோ ஒரு மாணவனின் தகப்பன், வேட்டி கட்டிய ஆள், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சத்தமாகவே விழுந்தது.

"இடத்த மாடு, வலத்த மாடு. ஏர்ல பூட்டுறது. இது தெரியலையாக்கும்?"

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. அது அடங்கும்வரை நான் காத்திருந்தேன்.

"அது எங்க வீட்டு மாடு சார். அத மாத்திப் பூட்டுன தப்பும் என்னுதுதான், இந்தா இந்த வரி. அன்னைக்கே திருத்திட்டேன். திருத்துனது மட்டும் ஒங்க கைக்கு வரல."

மாற்றி எழுதிய வரியை அங்கேயே சரிசெய்து ஓட்டினேன். திரையில் திருகு வலப்பக்கம் சுழன்று நின்றது. யாரும் கைதட்டவில்லை. சார் நாற்காலிக்குத் திரும்பிப் போகும்போது மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒருவரும் எழவில்லை. நான் அதை நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

தாழ்வாரத்தில் கதிரேசன் வழிமறித்து, போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, பெரிய மனிதரை இப்படியா செய்வது என்றான். கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

ஆனால் வெளியே பவித்ரா நின்றிருந்தாள். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது.

"எனக்குச் சொல்லிருக்கலாம்லக்கா. நீங்க நாளைக்கு ஏறிப் போயிருவீக. இனி எனக்கு யாரு கையெழுத்துப் போடுவா?"

அய்யாவை நினைத்துக்கொண்டே வந்தவள், அவளை ஒரு படலம் கொண்டுவரும் ஆளாக மட்டுமே வைத்திருந்தேன்.

6

அதன்பின் எல்லாம் தாள்களின் வேலை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். கல்லூரி ஒரு குழு போட்டது. சாருக்கு வரவிருந்த ஒரு கௌரவப் பதவி நின்றுபோயிற்று. இவற்றையெல்லாம் என் தங்கை சொல்லச் சொல்ல, நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். நடுவில் இரண்டு முறை, மறுபடி சொல்லு என்றேன்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் அழைத்தார். குரல் மெலிந்திருந்தது. சுகம் விசாரித்தார். பிறகு, குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்றார். பழைய குழப்பம், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று இரண்டு வரி.

"வயசான காலத்துல என்னய இப்பிடி நிக்க வச்சுட்டியேம்மா. ஒனக்கு என்னதான் வேணும்?"

"பவித்ரா ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுங்க சார். அவ அளந்தது சரின்னு எழுதிப் போடுங்க."

"போட்டா நீ எழுதுவியா?"

"மொதல்ல போடுங்க."

போட்டார். அந்த வாரமே போட்டார். பவித்ரா அதைப் படம் பிடித்து அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்ததும் மறுபடி ஒரு செய்தி அனுப்பினாள். அதில், தேதி குறிச்சுட்டாகக்கா என்று இருந்தது. அக்கா என்ற சொல் திரும்பி வந்ததே போதும் என்று இருந்தேன்.

அன்று மாலை நானும் யாழினியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. சாருடைய எண். நின்றது. மறுபடி அதிர்ந்தது. கடிதத்தைப் பற்றித்தான் கேட்பார். எழுதுகிறேன் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. யோசித்து யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தேன்.

யாழினி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எடுக்க மாட்டாயா என்று இம்முறை தமிழிலேயே கேட்டாள்.

"உள்ள வேலையா இருக்கேன்னு நெனச்சுக்கட்டும்," என்றேன். சோற்றைப் பிசைந்தேன்.